காதால் பார்க்கும் நிகழ்ச்சி

நேயர்களுக்கு வணக்கம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். இருட்டோடு கிளம்பிப் போய், முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு, பட்டுப்புடவை சரசரக்கப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தேன். தெருவில் நுழைந்ததுமே எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். "உங்க குரல் கேட்டுச்சு, நல்லாத்தான் பேசினீங்க. என்ன புடவைன்னுதான் பார்க்கல. தோசைக்கல்லு முன்னாடி நின்னுட்டிருந்தேன்!"

அன்றைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம், இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கெல்லாம் முன்னோடியான அமெரிக்காவின் 'டுடே' பிறந்த கதையைப் படித்தேன். அக்கா மாதிரி ஆட்களை நினைத்துத்தான் அதையே கட்டியிருக்கிறார்கள்!

1952 ஜனவரி 14, திங்கட்கிழமை, காலை 7 மணி. நியூயார்க்கில் என்பிசி நிறுவனம் அதைத் தொடங்கியபோது, விடிந்ததும் விடியாததுமாக யார் டிவி முன்னால் உட்காருவார்கள் என்று பலரும் சிரித்தார்கள். காலை நேரம் அப்போது வானொலியின் சொத்து. திட்டம் போட்ட பேட் வீவர் வானொலியின் வழியிலேயே போனார். யாரும் உட்கார வேண்டாம். பல் தேய்த்துக்கொண்டே கேட்கட்டும், காதில் ஏதாவது விழுந்தால் மட்டும் எட்டிப் பார்க்கட்டும். அதனால் எல்லாமே பத்திரிகை மாதிரி துண்டு துண்டாக வந்தன: கொஞ்சம் செய்தி, ஒரு பேட்டி, ஒரு பாட்டு. நடுநடுவே மணி என்ன என்பதும். பாதியில் எழுந்து போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

தொகுத்து வழங்கிய டேவ் காரவேயும் வானொலியில் பழகிய குரல்தான். வானிலையை அவர் சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது. வாஷிங்டன் வானிலை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் தகவல் வரும். கேட்டுக்கொண்டே, பெரிய வரைபடத்தில் சாக்பீஸால் மழையையும் குளிரையும் கோடு கோடாக இழுப்பார். ஸ்டுடியோவுக்குத் தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவர். வேலைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பதும் ஒளிபரப்பில் வந்துவிடும்.

பத்திரிகை மாதிரி என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. அந்நாளில் பல நிகழ்ச்சிகளை ஒரு சோப்பு கம்பெனியோ சிகரெட் கம்பெனியோ முழுதாகக் கையில் வைத்திருக்கும். வீவரோ, பத்திரிகையில் பக்கம் விற்பது போல நிமிடக்கணக்கில் விளம்பர நேரத்தை விற்றார். ஆனால் முதல் வருடம் வாங்க ஆள் குறைவு. கடையைத் தூக்கி நிறுத்தியது, 1953-இல் வந்து சேர்ந்த ஒரு சிம்பன்சி! பெயர் ஜே. ஃப்ரெட் மக்ஸ். அதைப் பார்க்கக் குழந்தைகள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே பெற்றோர், அவர்களுக்குப் பின்னால் விளம்பரதாரர்கள். அதே வருடம் ஜூன் மாதம் 'டுடே' காட்டிய எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாக் காட்சிகளுக்கு நடுவே இந்தக் குரங்கும் தலைகாட்ட, பிரிட்டனில் ஒரே கொந்தளிப்பு. விளம்பரத்தில் நடக்கும் தனியார் தொலைக்காட்சியை அனுமதிக்கலாமா என்று அங்கே அப்போது விவாதம் நடந்துகொண்டிருந்தது; வேண்டாம் என்றவர்களுக்கு நல்ல வாதம் கிடைத்தது.

ஒரு விதத்தில் எனக்கு இது ஆறுதல். கண்ணை இழுக்க அவர்களுக்கே குரங்கு தேவைப்பட்டிருக்கிறது. என் பட்டுப்புடவை எம்மாத்திரம்?

சரி, எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. எதிர்வீட்டு அக்கா இப்போதும் அடுப்படியில்தான் இருப்பார், வானொலியும் பக்கத்தில் இருக்கும். அக்கா, அன்றைக்குக் கட்டியிருந்தது மாம்பழ நிறம், அரக்கு பார்டர்.