அப்புறம் என்ன ஆச்சு?

நேயர்களுக்கு வணக்கம்.

படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘2’ என்று ஓர் எண் நின்றால் நமக்கு இரண்டு எண்ணம் சேர்ந்தே வருகிறது. முதல் நாளே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மனது. நன்றாக இருந்த படத்தை எதற்குத் திரும்பத் தொடுகிறார்கள் என்று இன்னொரு மனது. படம் விட்டு வெளியே வரும்போது, வண்டி எடுக்கிற இடத்தில் காது கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான். “முதல் படம் மாதிரி இல்லைப்பா.”

அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இரண்டாம் பாகம் முதல் படம் மாதிரி இருக்க வேண்டுமா என்ன? இருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் படம் மாதிரியே இருக்கிற படம்தான் வேண்டுமென்றால் முதல் படத்தையே இன்னொரு முறை பார்க்கலாமே. முதல் படத்தில் என்ன நடந்ததோ அதற்கு இரண்டாம் படம் பதில் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்ப்பது அது ஒன்றுதான். அங்கே ஒருவர் செத்திருந்தால் அந்தச் சாவு இங்கே வீட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய் இங்கே வளர்ந்திருக்க வேண்டும்.

பெயரை மட்டும் கொண்டு வருகிற படங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ‘சிங்கம்’ 2010-இல் வந்தது, 2013-இல் இரண்டு, 2017-இல் மூன்று. துரைசிங்கம் அதே மனிதர், ஊரும் வில்லனும் புதிது. ‘முனி’யிலிருந்து ‘காஞ்சனா’ வரிசை, ‘அரண்மனை’ வரிசை எல்லாம் அப்படித்தான். பேய் புதிது, பங்களா புதிது. அவற்றுக்கு வருகிற கூட்டம் என்ன கிடைக்கும் என்று தெரிந்தே வருகிறது, கேட்டது கிடைத்தால் சந்தோஷமாகப் போகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேசுவது, கதை தொடர்கிறது என்று நமக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிற படங்களைப் பற்றி.

‘இந்தியன்’ 1996-இல் வந்தது. சேனாபதி லஞ்சம் வாங்கியவர்களைக் கொன்றார், வர்மக்கலை காட்டினார் என்பதற்காகவா அந்தப் படம் இன்றும் நம் மனதில் நிற்கிறது? பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றாரே, அதற்காக நிற்கிறது. அந்த விமான நிலையக் காட்சியில் கொல்கிற தகப்பன் மேலும் நமக்குக் கோபம் இல்லை, சாகிற மகன் மேலும் முழுக் கோபம் இல்லை. அப்படி ஒரு நிலையில் நம்மை உட்கார வைத்த படம் அது. 28 வருடம் கழித்து, 2024-இல் சேனாபதி திரும்பி வருகிறார். நான் அந்த முகத்தில் தேடியது ஒன்றைத்தான். சந்துருவைக் கொன்ற கை எப்படி இத்தனை வருடம் சோறு அள்ளித் தின்றது? அந்த மனிதர் ராத்திரியில் தூங்கினாரா? படம் அந்தப் பக்கம் போகவே இல்லை. செலவு குறைவில்லை, உழைப்பு குறைவில்லை, சேனாபதி மட்டும் வரவில்லை. அவருடைய வேஷம் வந்தது. மனம் நொந்துதான் இதைச் சொல்கிறேன், முதல் படத்தை அவ்வளவு நேசித்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, பதில் சொன்ன படம் எது என்று கேட்பீர்கள். மலையாளத்தில் ஜீத்து ஜோசப் எடுத்த ‘திருசியம்’. 2013-இல் வந்தது. நம்மில் பலர் அதை 2015-இல் ‘பாபநாசம்’ என்று பார்த்தோம், அதே இயக்குநர், கமல்ஹாசன் சுயம்புலிங்கமாக. கதை உங்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு கேபிள் டிவிக்காரர். மகளை மிரட்டிய பையன் அவள் கையாலேயே செத்துப் போகிறான். செத்தவன் ஒரு போலீஸ் ஐ.ஜி.யின் மகன். தான் பார்த்த சினிமாக்களில் கற்றதை வைத்தே அந்தத் தகப்பன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். கடைசியில் பிணம் எங்கே இருக்கிறது? புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கு அடியில். அந்தத் தரையின் மேல் நடந்து அவர் வெளியே போவதோடு படம் முடிகிறது. கைதட்டினோம். நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

நேயர்களே, அந்த நிம்மதியைத்தான் இரண்டாம் பாகம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நம்மைக் கேள்வி கேட்கிறது.

2021 பிப்ரவரியில் ‘திருசியம் 2’ நேராக ஓடிடியில் வந்தது. கொரோனா காலம், பலரும் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தோம். ஆறு வருடம் கழிந்திருக்கிறது. மலையாளத்தில் ஜார்ஜ்குட்டி என்று பெயர் கொண்ட அந்தக் கேபிள்காரர் இப்போது வசதியானவர், சொந்தமாக ஒரு சினிமா தியேட்டர் வைத்திருக்கிறார், படம் எடுக்கப் போகிறேன் என்று அலைகிறார். நல்ல வாழ்வு என்றுதானே தோன்றும்? வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். மூத்த மகளுக்கு வலிப்பு வருகிறது. போலீஸ் உடுப்பைப் பார்த்தால் அந்தப் பெண் ஒடுங்கிப் போகிறாள். மனைவிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. முதல் படத்தில் அவருக்காகக் கொதித்தெழுந்த ஊர் இப்போது டீக்கடையில் உட்கார்ந்து வேறு மாதிரி பேசுகிறது. “அந்தப் பொண்ணு நடத்தை சரியில்லையாம்.” பக்கத்தில் இருந்த கேபிள்காரன் பணக்காரனாகிவிட்டானே என்கிற எரிச்சலும் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஊர் அப்படித்தான், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று கவனியுங்கள். இரண்டாம் பாகம் எங்கே ஆரம்பிக்கிறது? ஆறு வருடம் கழித்து இல்லை. முதல் படத்தின் அதே ராத்திரியில் ஆரம்பிக்கிறது. வேறு ஒரு குற்றம் செய்துவிட்டு ஓடி வருகிற ஒருவன், கட்டி முடியாத அந்த ஸ்டேஷனிலிருந்து ஜார்ஜ்குட்டி வெளியே வருவதைப் பார்த்துவிடுகிறான். நாம் முதல் படத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்தோம். நமக்குப் பக்கத்திலேயே இருட்டில் இன்னொரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முதல் படத்தில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, ஆனால் அந்தப் படமே இப்போது நமக்கு வேறாகிவிடுகிறது. கடைசியில் வருகிற சூழ்ச்சியைப் பற்றி நான் சொல்லவில்லை, பார்க்காதவர்கள் பாருங்கள். அந்தச் சூழ்ச்சி நம்பும்படி இருக்கிறதா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும். மகளுக்கு வருகிற வலிப்பை நான் நம்புகிறேன். செய்ததற்கு அந்தக் குடும்பம் தினமும் கொடுக்கிற விலை அது. சட்டத்தின் கையில் சிக்காமல் போனதால் விலை இல்லாமல் போய்விடவில்லை.

இந்த இடத்தில் எனக்கு மணிமேகலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சினிமாவைப் பற்றிப் பேச வந்தவர் காப்பியத்துக்குப் போகிறாரே என்று நினைக்காதீர்கள். தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய இரண்டாம் பாகம் அதுதான். பள்ளிக்கூடத்தில் இரட்டைக் காப்பியங்கள் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு விட்டுவிட்டோம்.

சிலப்பதிகாரத்தில் மணிமேகலை யார்? கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த குழந்தை. கதையின் ஓரத்தில் இருக்கிறவள். மதுரை எரிந்து, கண்ணகிக்குக் கோயில் எழும்பி, எல்லாம் முடிந்துவிட்டது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் என்ன செய்கிறார்? இன்னொரு கண்ணகியைப் படைக்கவில்லை. இன்னொரு ஊரைக் கொளுத்தவில்லை. புகாரில் இந்திர விழா வருகிறது, ஆட வேண்டிய மாதவியும் மகளும் வரவில்லை, அங்கே தொடங்குகிறார். ஊர் பழித்துப் பேசுகிறது. மாதவி அனுப்புகிற பதில் என்ன தெரியுமா? மணிமேகலை அந்தப் பத்தினியின் மகள், அவள் தவத்துக்குத்தான் போவாள், இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள். தான் பெற்ற பெண்ணை மாதவி கண்ணகியின் மகள் என்கிறாள், நேயர்களே! முதல் காப்பியத்தில் ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் குறுக்கே வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி போன பிறகு மற்றவள் தன் மகளை அவளுக்குக் கொடுக்கிறாள்.

இன்னும் இருக்கிறது. மணிமேகலை வஞ்சிக்குப் போய்க் கண்ணகி கோயிலில் நின்று கேட்கிறாள், ஏன் ஊரை எரித்தீர்கள் என்று. தெய்வமாகிவிட்ட கண்ணகி பதில் சொல்கிறாள். செய்த நல்வினையால் இப்போது விண்ணுலகில் இருக்கிறோம், அது தீர்ந்ததும் அந்தச் சினத்தின் பாவம் எங்களை வந்து அடையாமல் விடாது என்கிறாள். முதல் காப்பியம் முழுக்க நாம் யார் பக்கம் நின்றோமோ, யாரை வணங்கினோமோ, அவளே சொல்கிறாள். ‘திருசியம் 2’ பற்றிச் சொன்னேனே, நம் நிம்மதியைக் கேள்வி கேட்கிறது என்று. சாத்தனார் அதை எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கண்ணகியை வைத்தே செய்துவிட்டார். அதன் பிறகும் சிலப்பதிகாரம் ஒரு இம்மி குறைந்ததா? இல்லையே. கண்ணகி இன்னும் பெரியவளாகத்தான் ஆனாள்.

அதே தமிழில் தொடராமல் நிறுத்தியவரும் இருக்கிறார். கம்பர் பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற உத்தர காண்டத்தை அவர் பாடவில்லை, தமிழில் அதை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். எதைத் தொடர்வது, எதை அப்படியே விடுவது என்று முடிவெடுப்பதும் கவிஞன் வேலைதான். நம் தயாரிப்பாளர்கள் வெற்றி பெற்ற படத்தின் கடைசிக் காட்சியிலேயே அடுத்த பாகத்துக்கு ஒரு துண்டு வைத்துவிடுகிறார்கள். கதை முடிய இடம் கொடுப்பதே இல்லை.

நேரம் ஓடுகிறது, முதல் படத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிற முன்கதைக்கு வருகிறேன். இது இன்னும் கடினமான வேலை. முடிவு நமக்கு முன்பே தெரியும், பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? 2007-இல் வந்த ‘பில்லா’வில் அந்த மனிதன் எங்கிருந்து வந்தான் என்று தெரியாததுதான் அவனுடைய கம்பீரம். 2012-இல் ‘பில்லா 2’ அவனை அகதியாக வந்து இறங்கியவன் என்று காட்டியது. நல்ல விதை, நெஞ்சைப் பிடிக்கக் கூடிய விதை. ஆனால் அகதி முகாமில் இருந்தவனின் மனம் எப்படி மாறியது என்று நின்று பார்க்காமல் துப்பாக்கிக்கு ஓடிவிட்டது அந்தப் படம்.

நின்று பார்த்த படம், ஒரு மாஃபியா குடும்பத்தின் கதையான ‘காட்ஃபாதர் 2’. 1972-இல் முதல் படம், 1974-இல் இரண்டாவது. இயக்குநர் கொப்பொலா அதில் முன்கதையையும் பின்கதையையும் ஒரே படத்தில் மாற்றி மாற்றி வைத்தார். ஒரு பக்கம் சிசிலியிலிருந்து அனாதையாக நியூயார்க் வந்து இறங்குகிற சிறுவன் விட்டோ, குடும்பம் என்று ஒன்றை உண்டாக்குகிறான். மறுபக்கம் அவன் பெற்ற மகன், அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொந்த அண்ணனையே கொல்லச் சொல்கிறான். அப்பா எவ்வளவு பாடுபட்டுக் கட்டினார் என்று காட்டக் காட்ட, மகன் எதை அழிக்கிறான் என்பது நமக்கு வலிக்கிறது. முன்கதைக்கு இருக்க வேண்டிய வேலை அது. ஆஸ்கரில் சிறந்த படம் என்ற விருதை வாங்கிய முதல் தொடர்ச்சிப் படமும் அதுதான். முதல் படத்தில் விட்டோ கொர்லியோனாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு ஒரு ஆஸ்கர், அதே ஆளின் இளவயதாக நடித்த ராபர்ட் டி நீரோவுக்கு இன்னொன்று.

அப்பு என்பவனின் வாழ்க்கையைத் தொடர்ந்து சொல்கிற சத்யஜித் ராயின் மூன்று வங்காளப் படங்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்கூட இல்லை. 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’, அடுத்த ஆண்டே ‘அபராஜிதோ’, 1959-இல் ‘அபுர் சன்சார்’. நடுவில் உள்ள ‘அபராஜிதோ’வை அப்போது வங்காளத்திலேயே பலர் ஏற்கவில்லை. படிக்கப் போன மகன், கிராமத்தில் காத்திருந்தே செத்துப் போகிற அம்மா. ‘பதேர் பாஞ்சாலி’யில் மகளைப் பறிகொடுத்த அதே அம்மாதான் இவள். வெனிஸ் விழாவில் 1957-இல் அந்தப் படத்துக்குத் தங்கச் சிங்கம் என்ற முதன்மை விருது கிடைத்தது. மூன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. வரிசையாகப் பாருங்கள், முதலும் மூன்றும் போதும் என்று நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ போல ஒரே கதையை இரண்டாக வெட்டி வருகிற படங்களைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. வாய்ப்புத் தந்த நிலையத்துக்கு நன்றி. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.