குழுவேலைக்கு 4 புள்ளி வந்தும் மருந்து தவறுறது ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கிண்ணியாவில இருந்து, ஒரு தாதிய உத்தியோகத்தர் கேட்டிருக்கிறா. "வார்ட்டில நாங்க எவ்வளவு ஒண்டா வேலை செய்யிறம் எண்டு பாக்க 5 புள்ளிப் படிவம் குடுத்தம். சராசரி 4 வந்தது. ஆனா டியூட்டி மாறேக்க மருந்து தவறுறது குறையவே இல்ல. பிழை எங்க?"

முதல் பிழை அந்தச் சராசரியில. பத்து டொக்டர்மார் 5 போட்டு, பத்து நேர்ஸ்மார் 3 போட்டாலும் சராசரி 4தான். சத்திரசிகிச்சைக் கூடங்களில செய்த ஆய்வுகளிலயும் இதே இடைவெளி வந்திருக்கு: சத்திரசிகிச்சை நிபுணர்கள் தாதியரோட வேலை நல்லாப் போகுது எண்டு புள்ளி போட, தாதியர் அவங்களுக்குக் குறைவாப் போட்டிருக்கிறாங்க. அந்த இடைவெளிதான் உங்களுக்குத் தேவையான முடிவு. அதனால தொழில்வாரியாப் பிரிச்சுப் பாருங்க. ஒரு பிரிவில ரெண்டு மூண்டு பேர்தான் எண்டா தனியாக் காட்டாதீங்க. ஆர் என்ன போட்டது எண்டு தெரிஞ்சிட்டா அடுத்த முறை ஒருத்தரும் உள்ளதை எழுத மாட்டாங்க.

உங்கட திருகோணமலை மாவட்டத்தில படிவம் தமிழிலயும் சிங்களத்திலயும் வேணும். ஒருத்தர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர் திருப்பி மூலமொழிக்கு மாத்தோணும்; அதை மூலத்தோட ஒப்பிட்டா கருத்து மாறின இடம் தெரியும்.

ஆனா படிவம் ஆக்கள் நினைக்கிறதைத்தான் சொல்லும். நடக்கிறதை நேர பாக்கோணும். உயிர்காப்பு அவசரத்துக்கு 'டீம்' எண்டு ஒரு அளவுகோல் இருக்கு: 11 கூற்று, ஒவ்வொண்டுக்கும் 0 முதல் 4, அதோட மொத்தமா 10க்கு ஒரு புள்ளி. டியூட்டி மாறுறதுக்கு அது பொருந்தாது.

நீங்க செய்யவேண்டியது இது. டியூட்டி மாறேக்க நோயாளிகளை அடுத்தவரிட்டப் பொறுப்புக் குடுக்கிறதுதான் ஒப்படைப்பு. ரெண்டு பேர் ஒரே ஒப்படைப்பைப் பாத்து, ஒருத்தரை ஒருத்தர் கேக்காம எழுதோணும். ஒவ்வொரு நோயாளிக்கும், அடுத்த மருந்து நேரம் சொன்னதா? குடுக்காம விட்ட மருந்தும் காரணமும் சொன்னதா? பொறுப்பெடுத்தவர் அதைத் திருப்பிச் சொன்னதா? சொன்னவர் "ஓம், சரி" எண்டு உறுதிப்படுத்தினதா? இந்தக் கடைசி ரெண்டையும் கவனமாப் பாருங்க, வீட்டுக்குப் போற அவசரத்தில முதல்ல விடுபடுறது அதுதான். ரெண்டு பேரிட புள்ளியும் அடிக்கடி மாறினா ஆக்களில குறையில்ல, கேள்வி தெளிவில்ல, திருத்திப்போட்டுத் தொடங்குங்க. முதல் ரெண்டு மூண்டு நாள் கணக்கை விட்டுடுங்க, ஆள் நிண்டு பாத்தா எல்லாரும் ஒழுங்காத்தான் செய்வாங்க. ராத்திரி டியூட்டி முடியிற நேரத்தையும் சேருங்க.

அதே ஷிப்டுகளில மருந்துச் சார்ட்டில, மருந்து குடுத்ததுக்குக் கையெழுத்தில்லாத கட்டங்களையும் எண்ணுங்க. ஒப்படைப்புப் புள்ளி கூடியும் வெறுங்கட்டம் குறையேல்ல எண்டா, மருந்து வார்ட்டுக்கு நேரத்துக்கு வருதா, டொக்டர் எழுதின அளவு வாசிக்க ஏலுமா எண்டு அங்க தேடுங்க.