தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் தொங்குகிறது

மொரீஷியஸ் நேயர்களுக்கு வணக்கம். பிள்ளை யோசிக்கப் பழக வீட்டிலேயே நாம் என்ன செய்யலாம் என்று இன்றைக்குப் பேசப் போகிறேன். இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுப்படியில் நிற்பீர்கள். சிலர் தலைநகர் போர்ட் லூயியில் வேலை முடித்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பீர்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

தெற்குப் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மிஸ், பிள்ளையை எந்த லெசோனுக்கு அனுப்பலாம்?" லெசோன் என்றால் டியூஷன். பிள்ளை மூன்றாம் வகுப்பில்தான் இருக்கும். சின்ன வகுப்புகளுக்கு டியூஷன் எடுக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது, ஆனாலும் கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதுகிற சி.பி.இ. தேர்வு 2016-ஓடு போய், அதற்குப் பதிலாக 2017-இல் பி.எஸ்.ஏ.சி. வந்தது. பெயர் மாறியதே தவிர, வீட்டில் இருக்கிற பயம் மாறவில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடம் ஆகிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு படம், இரண்டு வரிசையில் 12 மாம்பழம். 5 பழத்தைக் கொடுத்துவிட்டால் எத்தனை லெஃப்ட் என்று ஆங்கிலத்தில் கேள்வி. இந்தப் பையன் படத்தில் இடது பக்கம் இருந்த ஆறு பழத்தையும் வட்டம் போட்டு, 6 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் தப்பு போட்டேன். இடைவேளையில் அவன் என் மேசைக்கு வந்தான். "மிஸ், இடது பக்கம் ஆறுதானே இருக்கு?" என்று நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டான். எனக்கு நெஞ்சில் குத்தியது. "சரி, உன்கிட்ட 12 மாம்பழம், தம்பிக்கு 5 கொடுத்துட்டே. கோம்பியேன் ரெஸ்தே?" என்றேன், எத்தனை மீதி என்று. விரலைக்கூட மடக்கவில்லை. "செத்" என்றான். ஏழு. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை. லெஃப்ட் என்றால் மீதி என்றும் பொருள் உண்டு என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு மை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நம் தீவில் ஒரு பிள்ளையின் நாளை யோசித்துப் பாருங்கள். வீட்டில் கிரியோல். பாடப் புத்தகம் ஆங்கிலம். கையில் கிடைக்கிற செய்தித்தாள் பிரெஞ்சு. தமிழ் வகுப்பில் அ, ஆ. இத்தனையையும் ஆறு வயதுப் பிள்ளை சுமக்கிறது, சுமக்கவும் முடியும். ஆனால் அதற்கு யோசிக்க ஒரு மொழி உறுதியாக இருக்க வேண்டும். 2012-இல் கிரியோல் பள்ளிப் பாடமாக வந்தபோது சில பெற்றோர் பயந்தார்கள். வீட்டிலும் அதைக் குறைத்து, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார்கள். "கம், ஈட், ஸ்லீப்." அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்று பேச அவர்களுக்கு அந்த மொழி கைகொடுக்காது. நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு எந்த மொழியில் வாய் நிறையப் பேச வருமோ அந்த மொழியில் பிள்ளையிடம் பேசுங்கள். தமிழ் வருமா, தமிழில். கிரியோல்தானா, கிரியோலில். ஏனென்று கேட்கவும், இதனால்தான் என்று சொல்லவும் ஒரு மொழியில் பழகிய பிள்ளை, புத்தகத்தில் வருகிற மொழியிலும் அதைச் செய்துவிடும்.

எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்களா? நமக்கு ஒரு சொத்து இருக்கிறது, சிராந்தான் என்கிற கிரியோல் விடுகதை ஆட்டம். இரவில் மின்சாரம் போனால் என் பாட்டி தொடங்குவார். பாட்டி "சிராந்தான்!" என்பார், நாங்கள் எல்லாரும் "சாம்பேக்!" என்று கத்துவோம். "திலோ திபுத்?" தண்ணீர் நிற்கிறது, அது என்ன? கரும்பு! "திலோ பாந்தான்?" தண்ணீர் தொங்குகிறது? தேங்காய்! கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், இப்போது வாய்க்குள் சொல்லியும் இருப்பீர்கள்.

இதை நான் வகுப்பில் நடத்தினேன். பாடமாக இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் சோர்ந்திருக்கும்போது. முதல் வாரம் நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். இரண்டாம் வாரம் "நீங்களே ஒன்று செய்யுங்கள்" என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பின்பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை உண்டு. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். அது மெதுவாகக் கையைத் தூக்கியது. "மிஸ், தண்ணீர் படுத்திருக்கு?" எங்களுக்குத் தெரியவில்லை. மழைநீர் என்றான் ஒருவன். "இல்லை, அது ஓடும்." கடல் என்றாள் இன்னொருத்தி. "இல்லை, அதைச் சாப்பிட முடியாது." பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறது! கடைசியில் விடையையும் அதுவே சொன்னது: வெள்ளரிக்காய். கொடியோடு தரையில் படுத்திருக்கும், உள்ளே முழுக்கத் தண்ணீர். அதன் தாத்தா வெள்ளரி போடுகிறவர்.

இதில் பரீட்சைக்கு என்ன இருக்கிறது என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். இரண்டு நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேடி, ஏன் பொருந்துகிறது, ஏன் பொருந்தவில்லை என்று எடுத்துச் சொல்வது. ஆறாம் வகுப்புக் கணக்குக் கேள்வியும் இதைத்தான் கேட்கிறது, அறிவியல் கேள்வியும் இதைத்தான் கேட்கிறது. தமிழ் விடுகதையும் அப்படியே. வாசல் இல்லாத வெள்ளை மாளிகை, அது என்ன? முட்டை. காலையில் முட்டையை உடைக்கும்போது கேளுங்கள். பிள்ளை தவறாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "ஏன் அப்படி நினைச்சே?" என்று கேளுங்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் 31 ஆண்டில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்: "ஏன் அப்படி நினைச்சே?"

அடுத்தது எண். பாம்பும் ஏணியும் ஆட்டம் எந்த வீட்டில் இல்லை? இது போன்ற எண் கட்ட ஆட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள், நாலைந்து வயது. ஒரே வரிசையில் பத்துக் கட்டம். ஒரு குழுவின் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண், மற்றக் குழுவுக்கு வெறும் நிறம். இரண்டு வாரத்துக்குள் சில தடவை, தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் விளையாடினார்கள். எண் வைத்து ஆடிய பிள்ளைகள் எண்ணுவதிலும், எது பெரிது எது சிறிது என்று சொல்வதிலும் நன்றாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது போகவில்லை. நிறம் வைத்து ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். காய் 3-இல் நிற்கிறது, இரண்டு விழுந்தது. நம் பிள்ளைகள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்துவார்கள். அந்த ஆட்டத்தில் "நாலு, ஐந்து" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்த வைத்தார்கள். நீங்களும் அப்படியே சொல்ல வையுங்கள். 27-இல் நின்று நான்கு விழுந்தால் "28, 29, 30, 31." ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தாவோடு ஓர் ஆட்டம் போதும். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டுமென்பதுகூட இல்லை.

என் அம்மாவுக்குத் தெரியாது. அம்மா கீரை பறித்து பஜாரில் விற்றவர். முருங்கைக் கீரை, நாம் ப்ரேத் முருங் என்கிறோமே, அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஐந்து ஐந்தாக அடுக்குவார். என்னை எண்ணச் சொல்வார். ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினால் கையை லேசாகத் தட்டுவார். "அடுக்கைப் பாரு." அஞ்சு, பத்து, பதினைந்து. வாய்ப்பாடு எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே வந்தது, ஈரக் கீரை வாசனையோடு. இன்றைக்கும் பஜாரில் விலை சொல்வது தெமி லிவ்வுக்குத்தான். தக்காளி தெமி லிவ் 30 ரூபாய் என்றால் ஒரு கிலோ எவ்வளவு? தெமி லிவ் 250 கிராம். பிள்ளை நான்கு தடவை கூட்டட்டும், அல்லது இரட்டித்து மறுபடியும் இரட்டிக்கட்டும். எந்த வழியில் வந்தாய் என்று மட்டும் கேளுங்கள். காசைப் பிள்ளை கையிலேயே கொடுத்து மீதி வாங்கச் சொல்லுங்கள். ஏழு பக்கம் கொண்ட பத்து ரூபாய் நாணயத்தைப் பிள்ளைகள் தொட்டே கண்டுபிடிப்பார்கள். நோட்டைக் கொடுக்கும்போது அதில் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட விடுங்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பது நம் தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் ஐயா என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அந்த நோட்டைப் பற்றிப் பிள்ளை வீட்டுக்கு வருகிற வரைக்கும் பேசும். காவடி விரதத்தின் பத்து நாளையும் சுவரில் கோடு போட்டுக் கழிக்கச் சொன்னால், பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதும் வந்துவிடும்.

லெசோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேல் வகுப்பில் ஒரு பாடத்தில் உண்மையாகவே பின்தங்கிய பிள்ளைக்கு அது உதவும். ஆனால் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, பள்ளி முடிந்து, அங்கிருந்து லெசோன் போய், ஐந்தரைக்கு வீட்டுக்கு வரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு மூளையில் இடம் எங்கே இருக்கும்? அந்தப் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு, அப்புறம் தூக்கம், நடுவில் உங்களோடு பதினைந்து நிமிடப் பேச்சு.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கதை வாசிப்பதைப் பற்றி நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கப் போகும் முன் ஒரு கதை, எந்த மொழியிலும் சரி. நிறுத்தி நிறுத்தி "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் கேட்டால் பத்து நாளும் வாசியுங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி படத்தைப் பார்த்தே கதை சொல்லலாம். புயல் எச்சரிக்கை வந்து பள்ளி மூடுகிற நாளில் இதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

போகும் முன் பிள்ளைகளுக்கு ஒன்று. சிராந்தான்! சின்ன மனிதர், பெரிய தொப்பி. அது யார்? பெரியவர்கள் யாரும் விடை சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.