நேர்மைக்குக் காவல் மக்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "தெரிவு செய்யப்பட்டோரின் நேர்மையைக் காப்பது சட்டமா, மக்களின் விழிப்பா?" என்னும் தலைப்பில், மக்களின் விழிப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் ஊழல் ஒழியும் என்றார் எதிரணித் தலைவர். இலங்கையில் சட்டத்துக்கு எப்போது பஞ்சம் இருந்தது? இலஞ்சச் சட்டம் 1954இல் வந்தது. சொத்து விபரங்களை வெளிப்படுத்தும் சட்டம் 1975இல் வந்தது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கான சட்டம் 1994இல் வந்தது. இத்தனையும் இருக்கத்தான் 2022இல் நாடு வங்குரோத்தானது. பொருளாதாரத்தைக் கையாண்டவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது வந்தபோது இழப்பு நடந்து முடிந்திருந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குக் கொங்கிறீட் வீதி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் எழுதிய கனம் கொட்டப்படுகிறதா, சீமெந்து குறைகிறதா, வடிகான் பாதியில் நிற்கிறதா என்பதையெல்லாம் கொழும்பிலுள்ள விசாரணை அதிகாரி பார்க்க முடியாது. படலையில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும். ஒரு மாரி கழிந்து சல்லி கிளம்பிய பிறகு வரும் விசாரணையைவிட, கொட்டும் அன்றே அவர் கேட்கும் கேள்விக்குத்தான் பிரதேச சபைத் தவிசாளரும் ஒப்பந்தகாரரும் அஞ்சுவார்கள்.

"அதிகாரமில்லாத மக்கள் கேட்டு என்ன பயன்?" என்றார் எதிரணியின் அடுத்த பேச்சாளர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். மதிப்பீட்டையும் கொடுப்பனவு விபரத்தையும் கேட்கும் எவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவிக்க வேண்டும். இதுவும் சட்டந்தானே என்பார்கள். ஆம், ஆனால் ஒருவர் கேட்கும்வரை அது அலுமாரியில்தான் கிடக்கும்.

கேட்டால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வெட்டுப்படுமோ, அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும நின்றுவிடுமோ என்ற பயம் எங்கள் ஊர்களில் உண்மையாகவே உண்டு, நடுவர் அவர்களே. அதை நான் மறைக்க மாட்டேன். தனி ஆளாகக் கேட்கும் ஏழையைத்தான் மிரட்ட முடியும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிர்வாகம் எல்லாம் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் யாருடைய பெயரை வெட்டுவார்கள்?

2025 மே மாதம் நாம் தெரிவு செய்த உள்ளூராட்சி சபைகள் இன்று வரவு செலவுத் திட்டங்களை நிறைவேற்றுகின்றன. அந்தப் பணம் செலவாகும் இடத்தில் அன்றாடம் நின்று பார்க்கச் சட்டத்தால் முடியுமா என்பதற்கு எதிரணியினர் பதில் சொல்லட்டும்.