கரண்டை எண்ணி வாழ்ந்தவர்கள்

அவைத் தலைவருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு துருவக் கடல் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐயா, கடைசியில் சொல்கிறேன்.

மலாக்கா கிளேபாங்கில் காட்சிக்கு வைத்த பழைய பிரெஞ்சு நீர்மூழ்கிக்குள் நான் நுழைந்து பார்த்திருக்கிறேன். எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வடகடலில் திரிந்த ஜெர்மானிய ஏழு-சி ரக நீர்மூழ்கி 67 மீட்டர் நீளம். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவர் எழுந்த படுக்கையில் அடுத்தவர் படுப்பார்.

பிள்ளைகளே, நல்ல தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும். கடல்நீரில் உப்பு இருப்பதால் அது மைனஸ் 1.8 வரை உறையாது. அந்தக் குளிருக்கும் மனிதருக்கும் நடுவே இருப்பது இரும்புச் சுவர்தான். மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் அதில் பட்டு நீராகிப் படுக்கையில் சொட்டும். துணி காயாது. ரொட்டியில் பூஞ்சணம் பூக்கும். எனக்கு வெளியே உள்ள பனியைவிட இந்த ஈரம்தான் கொடுமையாகப் படுகிறது. அடைமழையில் ஒழுகும் தோட்டத்து லய வீட்டில் ஈரப் பாயில் படுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஹீட்டர் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். மேலே இருக்கும்போது அதை ஓட்டி பேட்டரியில் கரண்டைச் சேர்ப்பார்கள். மூழ்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் கரண்டில் மோட்டாரை ஓட்டுவார்கள். எஞ்சின் நின்றால் அதன் சூடும் போய்விடும். ஹீட்டருக்குக் கொடுக்கிற கரண்டு, தப்பித்து ஓடவேண்டிய தூரத்தில் குறையும். ராத்திரி தோட்டத்து ஜெனரேட்டர் நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினோமே, அங்கே அந்த இருட்டிலும் குளிரிலும் எதிரிக் கப்பலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

மேலே வந்தாலும் சுகமில்லை. நீர்மூழ்கியின் மேல்கோபுரத்தில் நான்கு மணி நேரக் காவல், அலை இழுத்துப் போகாமலிருக்க இடுப்பில் வார். தெறிக்கும் தண்ணீர் சட்டையிலேயே உறையும். பிற்பாடு ஸ்நார்கல் குழாய் வந்தது. மூழ்கியபடியே காற்றை இழுக்கலாம். ஆனால் அலை மூடினால் வால்வு அடைத்துக்கொள்ளும். உடனே எஞ்சின் உள்ளே இருப்பவர்களின் காற்றை உறிஞ்சும், காது வலிக்கும். கடலைப் பனிப்பாளம் மூடியிருந்தால் அந்தக் குழாயும் உதவாது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் நம் பினாங்கில் தளம் வைத்திருந்தன. நம் வட்டாரத்திலிருந்து ரப்பர், வெள்ளீயம், மலேரியா மருந்தான குயினைன் ஏற்றி ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றில் யு-532, 1945 ஜனவரியில் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, வட அட்லாண்டிக் குளிருக்குள் ஏறி, மே மாதம் போர் முடிந்ததும் ஸ்காட்லாந்தில் சரணடைந்தது. அப்புறம் சரக்கோடு அதை லிவர்பூல் துறைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ரப்பரும் இருந்தது. ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்கள் போக, மிச்சமிருந்த நம் ஆட்கள் லயங்களில் மரவள்ளி தின்று கிடந்த வருடங்கள் அவை. ஐயா, அதனால்தான் இங்கே பேசுகிறேன்.