ஆகஸ்ட் 14 ராத்திரி எங்கே தூங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். விசா, கட்டணம், கடன் பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வீட்டைப் பற்றி. மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் பிள்ளை, பல்கலைக்கழகம் கொடுக்கும் குடியிருப்பில் தங்குவதா, வெளியே வாடகைக்கு எடுப்பதா? இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாக்கள். கேட்ட மூச்சிலேயே, "வெளியே எடுத்தால் வாடகை குறைவாமே சார்?" என்பார்கள்.

பல ஊர்களில் குறைவுதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் இன்னும் குறையும். ஆனால் வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தேதி.

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக இருந்த ஊரை வைத்தே சொல்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்று இரண்டு ஏரிகள். நடுவில் ஒடுங்கிய நிலத்தில் ஊரின் மையப்பகுதி. பல்கலைக்கழகம் மெண்டோட்டா கரையோரம். அதைச் சுற்றியுள்ள மாணவர் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே கணக்குதான். ஒப்பந்தம் ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கும், மறு வருஷம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி முடியும். பழைய வீட்டுச் சாவியை 14-ஆம் தேதி கொடுத்துவிட வேண்டும். புது வீட்டுச் சாவி 15-ஆம் தேதிதான் கைக்கு வரும். நடுவில் ஒரு ராத்திரி, தட்டுமுட்டுச் சாமானோடு பாதி ஊரே தெருவில் நிற்கும். வாடகை வேனிலேயே தூங்குகிறவர்கள் உண்டு. வேண்டாத சாமானையெல்லாம் நடைபாதையில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஹிப்பி கிறிஸ்துமஸ்'. மேசை, நாற்காலி, விளக்கு எடுக்கலாம். மெத்தையையும் சோபாவையும் மட்டும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி கூடவே குடிவரும்.

இப்போது நம் பிள்ளையின் தேதிகளைப் பார்ப்போம். அனுமதிக் கடிதம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். உதவித்தொகையோடு வந்த அழைப்புக்குப் பதில் சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. அப்புறம் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம், தூதரக நேர்காணல் என்று கோடை ஓடிவிடும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவர், படிப்பு தொடங்க 30 நாளுக்கு மேல் இருக்கும்போது அந்த நாட்டுக்குள் நுழையவும் முடியாது. ஆனால் மேடிசன் மாதிரி ஊரில், வரப்போகும் ஆகஸ்டுக்கான நல்ல வீடுகளுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதாவது, நம் பிள்ளை விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீடு போய்விட்டது. ஜூன் மாதம் தேடினால் கிடைப்பது மற்றவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது.

சரி, அதையாவது எடுத்துவிடலாம் என்றால் இன்னொரு சிக்கல். நம் ஊரில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினாலும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால் சொல்லிவிட்டு, அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு காலி செய்துவிடலாம். அங்கே 12 மாதம் என்று எழுதினால் 12 மாத வாடகைக்கும் நீங்கள் பொறுப்பு. விசா மறுக்கப்பட்டாலும் அந்தக் காகிதம் தானாகச் செல்லாமல் போகாது. நீங்கள் வராவிட்டால் வேறு ஆள் பிடிக்க வீட்டுக்காரர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று விஸ்கான்சின் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆள் கிடைக்கும்வரை மீட்டர் உங்கள் கணக்கில்தான் ஓடும். பல்கலைக்கழகக் குடியிருப்பில் இந்தப் பயம் அவ்வளவு இல்லை. விசா தள்ளிப்போவது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

இன்னொன்று கடன் வரலாறு, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்ற பதிவு. வெளி வீட்டுக்காரர் அதைக் கேட்பார். நேற்று விமானம் ஏறியவனுக்கு அமெரிக்காவில் என்ன கடன் வரலாறு இருக்கும்? சம்பளத்துக்கும் வரிக்கும் அரசு கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்காது. அதனால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் கூடுதல் முன்பணம் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தாலும் முதல் சம்பளமோ செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோதான் வரும். பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, அதன் மாணவர் என்பதே போதும்.

இனி நான் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படும் விஷயம். கல்யாணமாகிப் போகிறவர்கள். மாணவரின் மனைவிக்கோ கணவருக்கோ கிடைப்பது எஃப்-2 விசா. அதில் வேலை பார்க்க அனுமதி இல்லை. இங்கே நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்த பெண், கணவன் ஆய்வகத்துக்குப் போனபிறகு நான்கு சுவருக்குள் தனியாக இருக்க வேண்டியதுதான். வெளியே மைனஸ் 20 டிகிரி. கார் கிடையாது. ஓட்டத் தெரிந்தாலும் வாங்கப் பணம் இருக்காது. இந்த வீட்டில் குறைந்த வாடகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேடிசனில் இதற்காகவே என்று சொல்லும்படி ஈகிள் ஹைட்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. வளாகத்தின் மேற்குக் கோடியில், ஏரிக்குப் பக்கத்தில், மேற்படிப்பு மாணவர் குடும்பங்களுக்கான பல்கலைக்கழகக் குடியிருப்பு. கட்டடங்கள் பழசு, பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் கீழ் வீட்டில் கொரியக் குடும்பம், எதிர் வீட்டில் பிரேசில், பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம் என்று அக்கம்பக்கம் உண்டு. எல்லோர் நிலைமையும் ஒன்றுதான், எல்லோரும் சொந்தபந்தத்தை விட்டு வந்தவர்கள். 80-ஆம் எண் பேருந்தில் காசு வாங்காமல் வளாகத்துக்கு ஏற்றிப்போவார்கள். 1962-இலிருந்து அங்கே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது, குடியிருப்பவர்கள் பாத்தி வாங்கிப் பயிர் செய்யலாம். கோடை அங்கே குறுகியது, ஆனாலும் கத்தரியும் மிளகாயும் காய்க்கும். பக்கத்துப் பாத்திக்காரியோடு பேசியே ஆங்கிலம் தேறிய நம் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும். மாதம் 100, 200 டாலர் கூடுதலாகக் கொடுத்தாவது குடும்பத்தோடு போகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்பது என் கட்சி. காத்திருப்போர் பட்டியல் இருக்கும், அதனால் சேருவதாகப் பதில் எழுதிய அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

தனி ஆளாகப் போகிறவருக்கு இவ்வளவு கட்டாயம் இல்லை. முதல் வருஷம் உள்ளே இருந்துவிட்டு, ஊரும் பேருந்தும் பழகியபின் வெளியே போகலாம். போகும்போது உடன் தங்குகிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பெரும்பாலும் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்றுதான் அதில் எழுதியிருக்கும். ஒருவர் வேலை கிடைத்து டிசம்பரில் சியாட்டில் போய்விட்டால், அவர் பங்கும் மிச்சம் இருவர் தலையில்தான். கோடையில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் போனால் வீட்டை உள்வாடகைக்கு விட வேண்டிவரும். அந்த நேரத்தில் எல்லோரும் அதையே செய்வதால் பாதி வாடகை வந்தாலே அதிர்ஷ்டம். வெப்பமூட்டும் செலவு வாடகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். மேடிசனில் ஜனவரி மாத எரிவாயு பில் வந்தால்தான், வாடகை குறைவு என்று நினைத்த வீடு உண்மையில் என்ன விலை என்பது தெரியும்.

எல்லா ஊருக்கும் இதே கணக்கு பொருந்தாது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் மாதிரி இடத்தில் வெளி வாடகை தாங்க முடியாதது. அங்கே பல்கலைக்கழகமே 2020-இல் ஏறக்குறைய 2,400 பேர் தங்கும் புதுக் குடியிருப்பை மேற்படிப்பு மாணவருக்காகத் திறந்தது. அந்த மாதிரி ஊரில் விடும்வரை உள்ளேயே இருந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே தங்கினாலும் சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சினில் ஏற்கெனவே இருக்கும் சேதத்தை எழுதிக்கொடுக்க வாடகைதாரருக்கு 7 நாள் உண்டு. காலி செய்தபின் 21 நாளுக்குள் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், பிடித்தம் செய்தால் எதற்கு என்று எழுத்தில் காட்ட வேண்டும். வேறு மாநிலம் என்றால் அங்கே எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை நேரிலோ தெரிந்தவர் மூலமோ பார்க்காமல், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இங்கிருந்து பணம் அனுப்பாதீர்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் புது முகவரியைப் பதிந்துவிடுங்கள், அது விசாவோடு சம்பந்தப்பட்டது. அப்புறம், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கடுகு வெடித்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும், மாடி முழுக்க ஆட்கள் குளிரில் வெளியே வந்து நிற்பார்கள்.

நன்றி, வணக்கம்.