ஊமத்தைக்குச் சொந்தக்காரக் காய்கள்

காட்டுப்பக்கம் விளையாடப் போகிற பிள்ளைகளிடம் நாம் முதலில் சொல்வது, ஊமத்தங்காயைத் தொட்டுராதே என்பதுதான். அந்த ஊமத்தையும், பாவூர்சத்திரம் சந்தையில் கூடை கூடையாக வந்து இறங்குகிற தக்காளியும் ஒரே குடும்பம். கத்தரி, உருளை, மிளகாய், சுண்டை, தூதுவளை எல்லாமே சொந்தக்காரங்கதான்.

ஐரோப்பாக்காரர்கள் ஒரு காலத்தில் தக்காளியையும் உருளையையும் தின்னப் பயந்தார்கள், இந்தச் சொந்தம்தான் அந்தப் பயத்துக்கு மூல காரணம். 16ஆம் நூற்றாண்டில் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது, அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தில் நன்றாகத் தெரிந்தவை பெல்லடோனாவும் மாண்ட்ரேக்கும். இரண்டும் ஆளையே கொல்லும். புதுச் செடியின் பூவைப் பார்த்தால் அதே சாயல், இலையைக் கசக்கினால் ஒரு நெடி, எப்படித் துணிந்து வாயில் வைப்பார்கள்? ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தின்கிறார்கள் என்று தெரிந்தும், 1597இல் இங்கிலாந்தில் மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்டு அதை நாற்றம் பிடித்தது என்றே எழுதினார். கத்தரிக்காய்க்கு அங்கே 'பைத்தியக்கார ஆப்பிள்' என்று பேர்.

உருளைக்கிழங்கு பட்ட பாடு இன்னும் பெரிது. அதைத் தின்றால் தொழுநோய் வரும் என்று பிரான்சில் நம்பினார்கள், 1748இல் தடையே போட்டார்கள். பார்மென்டியே என்ற மருந்தாளர் போரில் பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டிடம் சிறைப்பட்டு, அங்கே கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்று நன்றாகவே ஊர் திரும்பினார். அப்புறம் அவர் விடாமல் அதற்காக வாதாடி, 1772இல் பாரிஸ் மருத்துவப் புலம் தின்னலாம் என்று சொன்னது.

நம்ம பக்கத்துக் கதை வேறு. மிளகுதக்காளியை, அதாவது மணத்தக்காளியை, ஐரோப்பியர்கள் நஞ்சுச் செடி வரிசையில் வைத்திருந்தார்கள். நாமோ கீரையை வேகவைத்துக் கூட்டு வைக்கிறோம், காயை மோரில் ஊறப்போட்டு வத்தல் ஆக்குகிறோம், வாய்ப்புண் வந்தால் அதைத்தான் தேடுகிறோம். எந்தச் செடியில் எதை, எப்படித் தின்பது என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அடுப்படியில் கண்டுவைத்த அறிவு அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் இருக்கிற ஒரு ஆச்சி, திவசத்துக்குத் தக்காளி சேர்க்காததும் விஷம் என்றுதானா என்று கேட்கிறார்கள். இல்லை ஆச்சி. தக்காளி, உருளையெல்லாம் சீமையிலிருந்து வந்தவை. திவசச் சமையல் அவை வருவதற்கு முந்தின சமையல். புளிப்புக்குத்தான் புளி இருந்ததே.

ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியரை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உருளைச் செடியின் இலையிலும் காயிலும் சோலனைன் என்ற நஞ்சு நிஜமாகவே இருக்கிறது. கிழங்கில் வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே அந்த நஞ்சும் ஏறும். வேகவைத்தாலும் அது போகாது. லேசாகப் பச்சை தட்டியிருந்தால் அந்தப் பகுதியையும் முளையையும் ஆழமாகச் சீவி எறியுங்கள், நிறையப் பச்சையாகிவிட்டால் கிழங்கையே தூரப் போட்டுவிடுங்கள். வாங்கி வந்ததும் ஜன்னலோரம் கொட்டிவைக்காமல் சாக்கில் போட்டு இருட்டு மூலையில் வையுங்கள், பக்கத்தில் வெங்காயம் வேண்டாம்.